ஒற்றைவில்லைத் தெறிப்புக் கமராவும் அதனைப் பயிலும் முறையும்

கருவியை உடைமையாக்குதல் ஒருநாட் செயல். அக்கருவியின் பயனை உடைமையாக்குதல் பலநாட் பயிற்சியால் எய்துவது. வீணை வாங்கியோர் அனைவரும் வீணை வல்லுநர் ஆகார் என்பதை உலகம் நன்கறியும். ஆயினும், கமராவைப் பொறுத்தமட்டில், விலையுயர்ந்த ஒன்றை வாங்கிவிட்டால் நல்ல படங்கள் தாமே வந்து சேரும் என்னும் மயக்கம் கற்றாரிடத்தும் காணப்படுகின்றது. ஓராண்டுச் சேமிப்பைச் செலவிட்டு வாங்கிய கமரா, ஒரு திருமணத்திலும் ஒரு பிறந்தநாளிலும் வெளிப்பட்டு, அதன்பின் அலுமாரியின் மேற்றட்டில் உறங்கிக் கிடத்தல் பல இல்லங்களிற் காணக்கூடிய காட்சியாகும். இதற்குக் காரணம் கருவியின் குறையன்று. எதற்காக வாங்குகின்றோம் என்பதை ஆராயாமல் எதனை வாங்குவது என்று மட்டும் ஆராய்ந்தமையே காரணம். ஆழமறியாமற் காலை விடலாகாது என்னும் பழமொழி இவ்விடத்தும் பொருந்தும். எனவே, கடைத்தெருவில் டி.எஸ்.எல்.ஆர். என்று வழங்கப்படும் இலக்கமுறை ஒற்றைவில்லைத் தெறிப்புக் கமரா யாது, அதனைத் தெரிந்தெடுக்கும் வகை யாது, முதன்முதற் கையிலெடுப்போர் எவ்வாறு பயிலல் வேண்டும் என்பன ஈண்டு ஆராயப்படுகின்றன.

பெயரும் அமைப்பும்

இக்கருவியின் பெயரிலேயே இதன் அமைப்பு அடங்கியுள்ளது. பழைய கமராக்கள் பலவற்றிற் காண்பதற்கு ஒரு துளையும், படம் பதிதற்கு வேறொரு வில்லையும் இருந்தன. ஆதலாற் கண் கண்டதும் படத்திற் பதிந்ததும் சிறிது வேறுபட்டன. அண்மையிலுள்ள பொருளைப் படமெடுக்குமிடத்து அவ்வேறுபாடு பெரிதாயிற்று. தெறிப்புக் கமராவிலோ, காண்பதற்கும் பதிவதற்கும் வில்லை ஒன்றே. வில்லையூடாகப் புகும் ஒளி, அதன் பின்னே 45 பாகைச் சாய்வில் நிற்கும் தளவாடியிற் பட்டு மேனோக்கித் தெறித்து, மங்கிய கண்ணாடித் திரையொன்றில் விம்பமாக விழுகின்றது. அவ்விம்பம் இடவலம் மாறியிருக்கும். அதன்மேல் அமைந்த ஐங்கோண அரியம் அம்மாற்றத்தை நீக்கி, ஒளியைக் கண்ணுக்கு நேரே செலுத்துகின்றது. விலைகுறைந்த கமராக்களில் திண்ணிய கண்ணாடி அரியத்திற்குப் பதிலாகச் சிறு ஆடிகள் அத்தொழிலைச் செய்கின்றன. அதனால் எடை குறைகின்றது, காட்சியின் ஒளிர்வும் சற்றுக் குறைகின்றது.

தளவாடியின் நடுப்பகுதி ஒளியில் ஒரு பங்கைத் தன்னூடே செல்லவிடும். அப்பங்கு பின்னுள்ள சிற்றாடியொன்றிற் பட்டுக் கீழ்நோக்கிச் சென்று, கமராவின் அடியிலுள்ள உணர்கருவியை அடைகின்றது. பொருள் தெளிவாகக் குவிந்துள்ளதா, இல்லையெனின் வில்லையை எத்திசையில் எவ்வளவு நகர்த்தல் வேண்டும் என்பவற்றை அக்கருவி நொடியிற் கணித்து வில்லையை இயக்குகின்றது. பொத்தானை முற்றாக அழுத்தியதும் ஆடி மேலெழுகின்றது; மூடுதிரை திறக்கின்றது; ஒளி ஒளியுணரியை அடைகின்றது; திரை மூடுகின்றது; ஆடி மீள்கின்றது. கேட்போர் அறிந்த 'களக்' என்னும் ஒலி இச்செயல்களின் ஒலியே. அக்கணத்திற் பார்வைத்துளை இருண்டு போதலின், படமெடுப்பவர் தாம் பதிவு செய்யும் கணத்தைத் தாம் காண்பதில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

வரலாறு

இவ்வமைப்பு ஒருநாளிற் தோன்றியதன்று. யேர்மனியின் திரெசுடன் நகரிலே 1936 ஆம் ஆண்டில் வெளிவந்த கைன் எக்சாக்டா என்னும் கமரா, 35 மில்லிமீற்றர்ச் சுருளைப் பயன்படுத்திய தெறிப்புக் கமராக்களுக்கு வழிகாட்டியாயிற்று. அந்நகரிலேயே 1949 இல் வெளிவந்த கொன்ராக்ஸ் எஸ் ஐங்கோண அரியத்தைக் கொண்டிருந்தது. யப்பானின் அசாகி நிறுவனம் 1954 இல், படம் பதிந்தவுடன் ஆடி தானே மீளும் கமராவை வெளியிட்டது. 1959 இல் வெளிவந்த நிக்கொன் எஃப் செய்தித்துறையினர் கைகளில் உலகெங்கும் பரவிற்று.

இலக்கமுறையின் தோற்றம் வேறொரு கிளையாகும். 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் சிமித் என்னும் இருவர் ஒளியை மின்னேற்றமாக மாற்றிச் சேகரிக்கும் சிலிக்கன் தகட்டை உருவாக்கினர். அதற்காக 2009 இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். 1975 இல் கொடாக் நிறுவனத்தின் பொறியியலாளர் சிரீவன் சாசன் இத்தகைய தகடொன்றைக் கொண்டு கையிற் கொண்டு செல்லக்கூடிய இலக்கமுறைக் கமராவை அமைத்தார். அது பதிந்த படத்தில் 10,000 புள்ளிகளே இருந்தன. ஒரு படத்தை ஒலிநாடாவிற் சேமிக்க 23 செக்கன் சென்றது. 1991 இல் அந்நிறுவனமே நிக்கொன் எஃப்3 கமராவின் உடலிற் பொருத்தி விற்ற டி.சி.எஸ். என்னும் கருவி 13 இலட்சம் புள்ளிகளைப் பதிந்தது; அதன் விலை ஏறத்தாழ 20,000 டொலர். 2003 இல் கனன் ஈ.ஓ.எஸ். 300டி 1,000 டொலருக்குக் குறைந்த விலையில் வந்தபின்னரே இவ்வகைக் கமரா நடுத்தர வருவாயினரின் கைக்கு எட்டிற்று. இலக்கமுறைக் கமராவை முதன்முதல் அமைத்த கொடாக் நிறுவனம், படச்சுருள் வாணிகத்தை விட மனமின்றி நின்று, 2012 இல் வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியமை வரலாறு தரும் கசப்பான பாடங்களுள் ஒன்று.

இக்காலத்து நிலை

இன்று வாங்க விரும்புவோர் முதலில் அறியவேண்டிய உண்மையொன்றுண்டு. ஆடியும் அரியமும் இல்லாது, ஒளியுணரி காணும் காட்சியையே சிறு மின்திரையிற் காட்டும் ஆடியற்ற கமராக்கள் 2008 முதல் வளர்ந்து வருகின்றன. கனன், நிக்கொன் என்னும் பெருநிறுவனங்கள் இரண்டும் 2018 இல் தத்தம் முழுச்சட்டக ஆடியற்ற கமரா வரிசைகளைத் தொடங்கிய பின்னர்த் தம் முயற்சியைப் பெரிதும் அவற்றின்பாற் செலுத்தி வருகின்றன. பென்ராக்ஸ் மட்டும் 2021 இலும் புதிய தெறிப்புக் கமரா ஒன்றை வெளியிட்டது.

அவ்வாறாயின் தெறிப்புக் கமராவை வாங்குதல் அறிவுடைமையாகுமா? வருங்காலத்திற் புதிய வில்லைகள் பலவற்றை நாடுவோர்க்கும், ஒலியின்றிப் படமெடுக்க வேண்டுவோர்க்கும் ஆடியற்ற கமராவே ஏற்றது. குறைந்த செலவிற் கலையைக் கற்க விழைவோர்க்குத் தெறிப்புக் கமரா இன்றும் நல்ல ஆசானாம். புதியனவற்றை நாடிச் செல்வோர் தம் பழையனவற்றை விற்றுவிடுதலின், நன்னிலையிலுள்ள கமராக்களும் வில்லைகளும் மலிவாகக் கிடைக்கின்றன. பார்வைத்துளை மின்சாரத்தை வேண்டாமையால் மின்கலம் நெடுநேரம் உழைக்கின்றது. 2018 இல் வெளிவந்த நிக்கொன் டி3500, ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 1,550 படங்கள் எடுக்கும் எனக் கணிக்கப்பட்டது.

தெரிந்தெடுத்தல்

வாங்குவோர் பெரும்பாலும் முதலில் வினவுவது எத்தனை மெகாபிக்சல் என்பதே. ஒரு மெகாபிக்சல் என்பது பத்து இலட்சம் படப்புள்ளிகள். 24 மெகாபிக்சற் படத்தின் நீளத்தில் 6,000 புள்ளிகளும் அகலத்தில் 4,000 புள்ளிகளும் உள. அங்குலத்திற்கு 300 புள்ளிகளாக அச்சிடின், 20 அங்குல நீளமும் 13 அங்குலத்திற்குச் சற்றுக் கூடிய அகலமுமுள்ள படம் கிடைக்கும். 6 மெகாபிக்சற் படமோ 10 அங்குல நீளத்திற்கு அச்சிடற்குப் போதும். சுவரிற் பெரும்படம் மாட்ட எண்ணாதார்க்கு இதற்கு மேற்பட்ட புள்ளிகளாற் பெரும்பயன் இல்லை.

புள்ளிகளின் தொகையினும் ஒளியுணரியின் பரப்பு முக்கியமானது. முழுச்சட்டகம் எனப்படும் ஒளியுணரி 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் உடையது. பழைய படச்சுருளின் சட்டகத்தை ஒத்தது. தொடக்கநிலைக் கமராக்களில் உள்ளது ஏறத்தாழ 23.5 × 15.6 மில்லிமீற்றர் அளவினது. கனனில் இன்னும் சற்றுச் சிறியது. பரப்புக் கூடுந்தோறும் சேரும் ஒளி கூடும். மங்கிய வெளிச்சத்திற் படம் தூய்மையாக அமையும். ஆயினும் முழுச்சட்டகக் கமராவும் அதற்குரிய வில்லைகளும் விலையும் பாரமும் மிக்கன. தொடங்குவோர்க்குச் சிறிய ஒளியுணரியே போதுமானது.

எஞ்சிய பொருளை வில்லைக்கு ஒதுக்குதல் நன்று. கமராவின் உடல் சில ஆண்டுகளிற் பழையதாகிவிடும். நல்ல வில்லையோ ஒரு தலைமுறை உழைக்கும். நிக்கொன் கமராக்களின் வில்லைப் பொருத்து 1959 முதலும், கனன் ஈ.எஃப். பொருத்து 1987 முதலும் வருவன. ஆயினும் இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உள. நிக்கொன் டி3000, டி5000 வரிசைக் கமராக்களின் உடலிற் குவியஞ் செய்யும் மோட்டர் இல்லை. ஆதலால் மோட்டர் அமையாத பழைய வில்லைகளை அவற்றிற் கையாலேயே குவித்தல் வேண்டும். கனனின் ஈ.எஃப்.-எஸ். வில்லைகள் சிறிய ஒளியுணரியுள்ள கமராக்களுக்கே உரியன. முழுச்சட்டகக் கமராக்களிற் பொருந்தா. இவற்றை அறியாது வாங்கி வருந்துவோர் பலர்.

கமராவுடன் சேர்த்து விற்கப்படும் 18–55 மில்லிமீற்றர் வில்லை பகலொளியிற் பல தேவைகளுக்கும் போதும். அதனோடு 50 மில்லிமீற்றர், துவார எண் 1.8 உடைய வில்லையொன்றைச் சேர்த்துக் கொள்ளுதல் பெரும் நன்மை தரும். வில்லைகளுள் விலைகுறைந்தவற்றுள் ஒன்றாகிய அது, 18–55 வில்லை தன் நீண்ட அந்தத்தில் ஏற்பதினும் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை ஏற்க வல்லது. மண்டபத்து விளக்கொளியில் முன்னையதற்கு 1/10 செக்கன் வேண்டுமிடத்து இதற்கு 1/100 செக்கன் போதும். முன்னையதில் ஆடுவோரின் கை புகைபோற் கலைந்து தோன்றும். பின்னையதில் முத்திரை தெளிவாகத் தோன்றும்.

பிறர் பயன்படுத்திய கமராவை வாங்குவோர் சிலவற்றைச் சோதித்தல் வேண்டும். மூடுதிரை எத்தனை முறை இயங்கியது என்பதை வினவியறிதல் ஒன்று. தொடக்கநிலைக் கமராக்களின் திரை ஏறத்தாழ 1,00,000 தடவை இயங்கத் தக்கதாகச் சோதிக்கப்படும். தொழில்முறைக் கமராக்களில் 4,00,000 வரை செல்வனவும் உள. வில்லையின் பின்புறத்திற் கைவிளக்கொளியைச் செலுத்தி முன்புறமிருந்து நோக்குதல் மற்றொன்று. உள்ளே சிலந்திவலை போன்ற நுண்ணிழைகள் காணப்படின் அவை பூஞ்சணம். அவ்வில்லையை எவ்விலைக்கும் வாங்கலாகாது. துவாரத்தை மிகச் சுருக்கி வெண்சுவரைப் படமெடுத்துப் பெருப்பித்து நோக்கின், ஒளியுணரியிற் படிந்த தூசு கரும்புள்ளிகளாகத் தோன்றும். தூசு நீக்கத்தக்கது, கீறல் நீக்கத்தகாதது.

முதல்நாட் செயல்கள்

கமரா இல்லம் சேர்ந்ததும் மின்கலத்தை முற்றாக மின்னேற்றுதல் வேண்டும். திகதியையும் நேரத்தையும் திருத்தமாக அமைத்தல் சிறு செயலாகத் தோன்றினும், பத்தாண்டின் பின் படங்களை வரிசைப்படுத்துவோர் அதன் அருமையை உணர்வர். நினைவக அட்டையைக் கமராவிலேயே வெறுமையாக்கி ஆயத்தஞ் செய்தல் நன்று. பார்வைத்துளையின் அருகே சிறு சில்லொன்று இருக்கும். அதனைத் திருப்பி, உள்ளே தெரியும் எழுத்துக்கள் தம் கண்ணுக்குத் தெளிவாகும்வரை அமைத்துக்கொள்ளல் வேண்டும். கண்ணாடி அணிவோர் இதனை அறியாது, கமராவிற் குறையெனக் கருதி அதனைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுசெல்வதும் உண்டு.

வில்லையை மாற்றும்போது கமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்தல், காற்றும் புழுதியுமுள்ள இடத்தை விலக்கல், ஆடியையும் ஒளியுணரியையும் விரலால் தீண்டாதிருத்தல் என்னும் மூன்றும் மறவாது கைக்கொள்ளத்தக்கன. பிடிக்கும்போது இடது உள்ளங்கை வில்லையைக் கீழிருந்து தாங்க, முழங்கைகள் விலாவோடு ஒட்ட, மூச்சை மெல்ல விட்டுப் பொத்தானை அழுத்தல் வேண்டும், குத்துதல் கூடாது. பொத்தானைப் பாதி அழுத்தினாற் குவியம் அமையும். முற்றாக அழுத்தினாற் படம் பதியும்.

ஒளியை அளக்கும் மூன்று கருவிகள்

ஒளிப்படக்கலை முழுவதும் மூன்று அளவுகளின் உறவில் அடங்கும்: துவாரம், நேரம், உணர்திறன். நீர்த்தொட்டியை நிரப்பும் குழாயை உவமையாகக் கொள்ளலாம். துவாரம் குழாயின் அகலம். நேரம் குழாய் திறந்திருக்கும் கால அளவு. உணர்திறன் தொட்டியின் சிறுமை. தொட்டி சிறிதாயின் குறைந்த நீரிலேயே நிரம்பும்.

துவார எண் என்பது வில்லையின் குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுக்க வருவது. 50 மில்லிமீற்றர் வில்லையில் 25 மில்லிமீற்றர்த் துவாரம் திறப்பின் துவார எண் 2, துவாரத்தை 6.25 மில்லிமீற்றராகச் சுருக்கின் துவார எண் 8. ஆதலால் எண் பெருகத் துவாரம் சிறுகும். 2.8, 4, 5.6, 8, 11, 16 எனச் செல்லும் வரிசையில் ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகும். விட்டத்தின் வர்க்கத்திற்கேற்பப் பரப்பு மாறுவதே இவ்வெண்கள் நேரே இரட்டிக்காமைக்குக் காரணம். நேரத்தில் 1/60, 1/125, 1/250 எனவும், ஐ.எஸ்.ஓ. எனப்படும் உணர்திறனில் 100, 200, 400 எனவும் படிகள் அமையும்.

முகிலற்ற நண்பகலில் ஐ.எஸ்.ஓ. 100 ஆக அமைத்தால், துவார எண் 16 உம் 1/125 செக்கனும் ஏறத்தாழச் சரியான ஒளியைத் தரும். துவாரத்தை 11 ஆக்கி 1/250 செக்கன் எடுப்பினும், 8 ஆக்கி 1/500 செக்கன் எடுப்பினும், 5.6 ஆக்கி 1/1000 செக்கன் எடுப்பினும் ஒளியின் அளவு ஒன்றே, படமோ ஒன்றன்று. 1/1000 செக்கனில் ஓடுவோன் அந்தரத்தில் நிற்பான். துவார எண் 16 இல் அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளியும்.

இத்தெளிவின் எல்லையைக் கணித்தும் காட்டலாம். முழுச்சட்டகக் கமராவில் 50 மில்லிமீற்றர் வில்லையை 3 மீற்றர் தூரத்திற் குவித்துத் துவார எண் 2 இல் எடுப்பின், ஏறத்தாழ 2.8 மீற்றர் முதல் 3.2 மீற்றர் வரையே தெளிவாக அமையும்; முன்னும் பின்னும் மங்கும். துவார எண் 16 இல் எடுப்பின் ஏறத்தாழ 1.9 மீற்றர் முதல் 7 மீற்றர் வரை தெளியும். தனியொருவர் முகத்தைச் சந்தைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்ட முன்னையதும், மூன்று வரிசையாக நிற்கும் வகுப்பு மாணவரைப் படமெடுக்கப் பின்னையதை ஒத்த சிறு துவாரமும் வேண்டும்.

தொடங்குவோர் கமராவின் மேற்சில்லைத் துவார முதன்மை நிலையில் வைத்தல் நலம். நிக்கொனில் இது 'ஏ' எனவும் கனனில் 'ஏ.வி.' எனவும் குறிக்கப்படும். துவாரத்தை மனிதர் தெரிய, நேரத்தைக் கமரா கணிக்கும். அந்நேரம் மிக நீளாதவாறு நோக்கிக்கொள்ளல் வேண்டும். கையிற் பிடித்தெடுக்குமிடத்து, குவியத்தூரத்தைக் கீழெண்ணாகக் கொண்ட பின்னத்தினும் நேரம் நீளலாகாது என்பது பழைய விதி. சிறிய ஒளியுணரியாயின் அத்தூரத்தை ஒன்றரையாற் பெருக்குக. 50 மில்லிமீற்றருக்கு 1/80 செக்கனும், 200 மில்லிமீற்றருக்கு 1/320 செக்கனும் ஏற்றன. போதாவிடின் உணர்திறனை உயர்த்துக. சிறிது மணற்பரப்புப் போன்ற பொருக்குத் தோன்றும். எனினும் பொருக்குள்ள படம் கலங்கிய படத்தினும் மேலானது.

வெள்ளைச் சீருடையும் இருண்ட முகமும்

பாடசாலைகளிற் படமெடுப்போர் அனைவரும் எதிர்கொள்ளும் இடர் ஒன்றுண்டு. வெள்ளைச் சீருடை அணிந்த மாணவரை வெயிலில் நிறுத்தி எடுத்த படத்திற் சீருடை சாம்பல் நிறமாகவும் முகங்கள் இருண்டும் காணப்படும். கமரா பழுதென எண்ணற்க. காட்சி முழுவதும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறமுடையது எனக் கொண்டே கமராவின் அளவி கணிக்கின்றது. வெண்மை மிகுந்த காட்சியில் ஒளி மிகையென மயங்கி அது ஒளியைக் குறைத்துவிடுகின்றது. அதற்கு மாற்று, ஈடுசெய் பொத்தானை அழுத்தி ஒரு படி கூட்டுதல். மாறாக, கரிய திரையின் முன் நிற்கும் நடிகரை எடுக்கும்போது ஒரு படி குறைத்தல் வேண்டும். படமெடுத்தபின் கமராத் திரையில் வலையுருவரையத்தைக் காணலாம். அதன் வரைகோடு வலப்பக்கச் சுவரில் முட்டி நின்றால் வெண்மையின் நுண்விவரம் அழிந்தது. இடப்பக்கச் சுவரில் முட்டி நின்றால் நிழலின் விவரம் அழிந்தது. திரையின் ஒளிர்வு கண்ணை ஏமாற்றும், வரையம் ஏமாற்றாது.

நண்பகலிற் செங்குத்தான வெயில் கண்குழிகளில் நிழலை வீழ்த்தும். அவ்வேளை மரநிழலோ தாழ்வாரமோ நாடுதல் நன்று. காலையிலும் மாலையிலும் சாய்ந்துவரும் ஒளியே முகத்திற்கு இனியது. இழைமின்குமிழின் ஒளி 3,000 கெல்வின் அளவில் மஞ்சளாகவும், நண்பகல் ஒளி 5,500 கெல்வின் அளவில் வெண்மையாகவும் இருத்தலின், இரண்டும் கலந்த இடத்திற் தோலின் நிறம் திரியும். படத்தை மூலக்கோப்பாகச் சேமித்தால் நிறத்தைப் பின்னர்த் திருத்தலாம். ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிகளையே வைத்திருக்கும்; 14 இருமவிலக்க மூலக்கோப்பு 16,384 படிகளை வைத்திருக்கும். மூலக்கோப்பு இரு மடங்கோ அதற்கு மேலோ இடம் கொள்ளுதலின், முதன்மையான நிகழ்ச்சிகளுக்கு அதனையும் ஏனையவற்றிற்கு ஜேபெக்கையும் கொள்ளலாம்.

பயிற்சி

முதல் மாதத்தில் ஒரு வில்லை மட்டும் கொண்டு பழகுதல் சிறந்த முறை. நாள்தோறும் ஒரே பொருளை, எடுத்துக்காட்டாக முற்றத்துக் கிணற்றுக்கட்டை, ஐந்து துவார எண்களில் எடுத்து ஒப்பு நோக்குக. மறுநாள் ஐந்து நேரங்களில் எடுக்க. படத்தோடு துவாரம், நேரம், உணர்திறன் ஆகியவற்றைக் கமராவே பதிந்து வைத்தலின், முன்னோர் குறிப்பேட்டில் எழுதிய உழைப்பு இக்காலத்தார்க்கு இல்லை. படச்சுருளும் இல்லை, தவறினாற் செலவும் இல்லை. ஆயினும், செலவில்லாமையே சிந்தியாமைக்கு வாயிலாகலாம். நூறு படங்களை எடுத்து ஒன்றையும் ஆராயாதவரினும், பத்துப் படங்களை எடுத்துப் பத்தையும் ஆராய்பவர் விரைந்து முன்னேறுவர்.

வயது இக்கலைக்குத் தடையன்று. ஆங்கில ஒளிப்படக் கலைஞருள் தலைசிறந்தவராகிய யூலியா மாகிரெட் கமரன், மகள் பரிசளித்த கமராவைக் கொண்டு 48 ஆவது வயதிலேதான் இக்கலையைத் தொடங்கினார். ஈரக்கண்ணாடித் தகடுகளில், நீண்ட நேரம் ஒளியேற்றி, அவர் எடுத்த முகங்கள் கூர்மை குறைந்தன எனப் பழிக்கப்பட்டன. இன்றோ உலக அரும்பொருட்சாலைகள் அவற்றைப் போற்றுகின்றன. 1875 இல் இலங்கைக்கு வந்து மலைநாட்டில் வாழ்ந்த அவர் 1879 இல் இந்நாட்டிலேயே காலமானார். அவர் கருவி இன்றைய மலிவான கமராவினும் பன்மடங்கு தாழ்ந்தது என்பதைப் பயில்வோர் நினைவிற் கொள்வாராக.

பேணுதல்

கடலை அண்டிய ஈரமிக்க நாடுகளில் வில்லையின் முதற்பகை பூஞ்சணமாகும். தோற்பையிற் பொதிந்து அலுமாரியில் இருளில் வைத்தலே அதனை வளர்க்கும் வழி. காற்றிறுக்கமான பிளாத்திக்குப் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொதிகளோடு வைத்தல் எளிய காப்பு. பெட்டியினுள் ஈரப்பதன்மானியொன்றை வைத்து, சாரீரப்பதன் 40 முதல் 50 சதவீதம் வரை நிற்குமாறு பார்த்துக்கொள்க. அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துதல் அதனினும் சிறந்த காப்பு; வெளிச்சமும் காற்றும் பூஞ்சணத்திற்கு ஒவ்வா.

கமராவினும் பேணத்தக்கது படம். மூதாதையர் விட்டுச்சென்ற கறுப்பு வெள்ளைப் படம், பெட்டியின் அடியில் அறுபது ஆண்டு கிடந்தும் எடுத்தவுடன் முகத்தைக் காட்டுகின்றது. இலக்கமுறைப் படமோ வட்டு பழுதாகும் ஒரு கணத்தில் ஆயிரக்கணக்கில் அழியும். ஆதலால் ஒவ்வொரு படத்திற்கும் மூன்று பிரதிகள் இருத்தல், அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருத்தல் என்பது அறிந்தோர் கைக்கொள்ளும் விதி. ஆண்டுதோறும் சிறந்த ஐம்பது படங்களையேனும் தாளில் அச்சிட்டுப் பின்புறத்திற் பெயரும் இடமும் நாளும் எழுதிவைத்தல் நன்று. பெயரெழுதப்படாத முகம் இரு தலைமுறையில் அந்நியர் முகமாகிவிடும்.

பிரதியின்மையின் துயரத்தை யாழ்ப்பாணத்தார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் இல்லாத ஏடுகளும் நூல்களும் சாம்பராயின. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே சி. வை. தாமோதரம்பிள்ளை, சிதைந்து போகும் ஏடுகளைத் தேடித் திரட்டி அச்சேற்றும் பணியில் வாழ்நாளைச் செலவிட்டார். அப்பணியின் ஒரு பகுதியை இன்று ஒரு தொடக்கநிலைக் கமராவும் செய்ய வல்லது. 40 சதமமீற்றர் நீளமுள்ள ஓலையைச் சட்டகம் நிறைய எடுப்பின், 6,000 புள்ளிகள் அதன்மேற் பரவி, அங்குலத்திற்கு 380 புள்ளிகள் அமையும். எழுத்தாணிக் கீறல்கள் தெளிவாகப் பதியும். கமராவை முக்காலியில் நிறுத்தி ஓலைக்கு நேரிணையாக வைத்து, இருபுறமும் 45 பாகையில் மென்மையான ஒளியை அமைத்து, துவார எண் 8 இல், மின்வெட்டொளியின்றி, நேரங்காட்டியால் இயக்கி எடுத்தல் முறையாகும். பழைய உறுதிகள், கடிதங்கள், பாடசாலைப் பதிவேடுகள் ஆகியவற்றிற்கும் இதுவே வழி. 2005 முதல் நூலகம் என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களை இவ்வாறு இலக்கமுறையிற் காத்து வருதல் யாவரும் அறிந்ததே.

ஆதலால், கமரா வாங்க எண்ணுவோர் கடைக்குச் செல்லுமுன் தம் இல்லத்தைச் சுற்றி ஒருமுறை நோக்குவாராக. எண்பது வயது கடந்த பாட்டியின் முகம், கறையான் அரிக்கும் ஏட்டுக்கட்டு, வெட்டப்படவிருக்கும் முற்றத்து வேம்பு என்றவாறு இவ்வாண்டிற் பதியாவிடின் மறுவாண்டிற் பதியவியலாதவை எவையென ஒரு தாளிற் குறித்துக்கொள்வாராக. அக்குறிப்பு நீளுமாயிற் கமரா அவருக்கு வேண்டிய பொருளே, விலைகுறைந்ததும் போதும். குறிப்பில் ஒன்றும் எழுதத் தோன்றாதாயின், அவர் தம் பணத்தை இன்னும் சிலகாலம் வைத்திருத்தல் நன்று.